செயற்கைக்கோளின் உடல்நிலையைக் கவனிக்கும் வேலை: கேள்வி பதில்

செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பட்டதாரிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். இந்தத் துறையில் சேர விரும்புகிறவர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ராக்கெட் பற்றி வந்தவற்றை விட்டுவிட்டேன். அது என் துறை இல்லை.

அக்கா, ஏவி முடித்ததும் எல்லாம் தானாக நடக்காதா? தினமும் உட்கார்ந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? (ஈசிஇ இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி)

ஏவுதல் ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் ஐந்து வருடமோ பத்து வருடமோ அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமே! 500 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். ஒரு தரைநிலையத்துக்கு அது தெரிவது அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இதைத்தான் 'பாஸ்' என்கிறோம்.

சிக்னல் பிடிபட்டவுடன் முதலில் பார்ப்பது நாலைந்து எண்கள்தான். எந்த மோடில் இருக்கிறது? போன பாஸுக்கும் இதற்கும் நடுவில் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகியிருக்கிறதா? பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு? பார்க்க வேண்டிய திசையை விட்டு எத்தனை டிகிரி விலகியிருக்கிறது? இவை சரி என்றால், நம் கண்ணில் படாமல் சுற்றிய நேரத்தில் அது சேமித்து வைத்த டெலிமெட்ரியை, அதாவது தன் நிலையைப் பற்றி அது அனுப்பும் அளவீடுகளை, இறக்க ஆரம்பிப்போம். கட்டளை அனுப்பினால், வந்த கட்டளைகளை எண்ண செயற்கைக்கோளில் இருக்கும் கவுன்ட்டர் ஒன்று கூடியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

வருகிற எண்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. எட்டு பிட் சென்சார் என்றால் 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். அதைக் கணக்குப் போட்டு டிகிரியாகவோ வோல்ட்டாகவோ மாற்றுகிறோம். ஒரு வெப்பநிலை திடீரென்று 255-இல் போய் அசையாமல் நின்றால், உண்மையில் சூடேறியிருக்கும் என்பதைவிட சென்சாரோ அதன் கம்பியோ போயிருக்கும் என்பதற்கே வாய்ப்பு அதிகம். பக்கத்திலிருக்கும் இன்னொரு சென்சாரைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

லிமிட் தாண்டினால் அலாரம் அடிக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் அலாரம் அடிக்கும்வரை கவலை இல்லைதானே? (மெக்கானிக்கல் பட்டதாரி, ஓசூர்)

இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் மாற்றப் பார்க்கிற எண்ணமே இதுதான். ஓர் எண் இதைத் தாண்டக் கூடாது என்று நாம் வைக்கும் எல்லைதான் லிமிட். அது கடைசி வேலி. கெட்டுப்போகிற பாகம் பெரும்பாலும் வேலிக்கு உள்ளே இருக்கும்போதே சாடை காட்டிவிடும்.

ரியாக்‌ஷன் வீலை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளைத் திருப்புகிற சுழல் சக்கரம் அது. அதன் பேரிங் தேய ஆரம்பித்தால், அதே வேகத்தில் சுழல முன்பைவிடக் கொஞ்சம் அதிக மின்னோட்டம் இழுக்கும். கூடவே வெப்பமும் அரை டிகிரி, ஒரு டிகிரி ஏறும். ஒரு பாஸில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாத வரைபடத்தை விரித்து, ஒரே வேகத்தில் ஓடிய நேரங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கோடு மேலே சாய்வது தெரியும். வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தவருக்கு அது கடைசிவரை தெரியாது. ஒரு செயற்கைக்கோளின் வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் நல்ல ஆபரேட்டர். அது வர மாதங்கள் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

கோளாறு என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? (முதுகலை ஏரோஸ்பேஸ் மாணவர், சென்னை)

தம்பி, செயற்கைக்கோள் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் வருகிறது, சூரியனை நோக்கியிருக்கிறது, நம்மோடு பேசுகிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க நேரம் இருக்கிறது. அத்தியாவசியமானதை மட்டும் ஓட்டிக்கொண்டு நம் கட்டளைக்குக் காத்திருக்கும் சேஃப் மோட் இருப்பதே அதற்காகத்தான்.

பயிற்சியில் நான் கட்டாயம் நடத்துகிற பாடம் சோஹோ. நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து 1995 டிசம்பரில் அனுப்பிய சூரிய ஆய்வுக்கலம். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. 1998 ஜூன் 25 அன்று அது தொலைந்துபோனது. நடந்தது இதுதான்: ஆயுளை மிச்சப்படுத்த 'ஏ' என்ற கைரோவை (கலம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கும் கருவி) நிறுத்தி வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது அதைத் திரும்ப ஓட்டும் கட்டளை, மாற்றியெழுதிய நிரலில் விட்டுப்போயிருந்தது. ஓடாத கைரோவை நம்பி கலம் தன்னைத் தானே சுழற்றிக்கொண்டது. 'பி' கைரோ அந்தச் சுழற்சியைச் சரியாகவே காட்டியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்த தரைக்குழு, 'பி'தான் கெட்டுவிட்டது என்று சட்டென முடிவு கட்டி அதை அணைத்துவிட்டது. சோலார் பேனல்கள் சூரியனை விட்டு விலகின, மின்சாரம் போனது, எரிபொருள் உறைந்தது.

அதை மீட்டதும் அதே அளவுக்குப் படிக்க வேண்டிய கதை. ஜூலை 23 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ஆன்டெனாவிலிருந்து ரேடார் அலை அனுப்பி, அதன் எதிரொலியை கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் பிடித்து, கலம் இருக்கும் இடத்தையும் அது மெதுவாகச் சுழல்வதையும் தெரிந்துகொண்டார்கள். ஆகஸ்ட் 3-இல் மெல்லிய சிக்னல் கிடைத்தது. பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எரிபொருளை உருக்கி, செப்டம்பர் 16-இல் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அந்தப் பொறுமையில் பத்து நிமிடம் ஜூன் 25 அன்று கிடைத்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. 'ஏ ஓடுகிறதா?' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அதனால்தான் என் மாணவர்களிடம், ஒரு பாகம் கெட்டது என்று சொல்வதற்கு முன் அதற்குச் சம்பந்தமில்லாத இன்னோர் ஆதாரம் கேட்கிறேன்.

ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியின் கதை இன்னும் வேதனையானது. 2016 பிப்ரவரியில் ஏவப்பட்டு, மார்ச் 26-இல் உடைந்துபோனது. தான் சுழல்வதாகத் தவறாக நினைத்துக்கொண்டு அதைச் சரிசெய்யப் போய், உண்மையாகவே சுழல ஆரம்பித்தது. அந்தச் சுழற்சியை நிறுத்த வேண்டிய த்ரஸ்டர்களுக்கு (கலத்தைத் தள்ளும் சிறு உந்திகள்) தரையிலிருந்து ஏற்றிய எண்கள் தவறு. அதனால் சுழற்சி இன்னும் கூடியது. கட்டளையை அனுப்புமுன் சிமுலேட்டரில் ஓட்டிப் பார், இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஒரு முக்கிய பாகம் போய்விட்டால் திட்டமே முடிந்ததா? (கல்லூரி விரிவுரையாளர், மதுரை)

சந்திரயான்-1 நல்ல உதாரணம் சார். 2008 அக்டோபர் 22-இல் போனது. திசையறிய உதவும் ஸ்டார் சென்சார்கள் திட்டத்தின் நடுவில் செயலிழந்தன. குழு கைரோக்களையும், ஆன்டெனா நோக்கும் திசையையும், நிலவின் தரையில் குறிப்பிட்ட இடங்களை எடுத்த படங்களையும் சேர்த்துவைத்து கலத்தின் நிலையைக் கணக்கிட்டது. 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 100 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ.க்கு உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 29-இல் தொடர்பு அறுந்தது. அந்தக் கடைசி மாதங்கள் முழுக்க ஆபரேஷன்ஸ் குழு சம்பாதித்துக் கொடுத்தவை.

கிரகணம் என்றால் ஏன் இவ்வளவு பரபரப்பு? (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

பூமியின் நிழலில் போகும்போது பேட்டரிதான் சோறு போடும். தாழ்ந்த பாதையில் நாளுக்குப் பதினைந்து முறைகூட நிழல் வரும், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு மேல். வருடத்துக்கு ஐயாயிரம் தடவைக்கும் அதிகமாக பேட்டரி இறங்கி ஏறுகிறது. கர்நாடகாவின் ஹாசனில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கவனிக்கும் 36,000 கி.மீ. உயர செயற்கைக்கோள்களுக்கு மார்ச், செப்டம்பரை ஒட்டித்தான் கிரகணக் காலம். நீளமானது 70 நிமிடம் போகும். அதற்கு முன்பே பேட்டரியைத் தயார்செய்வோம். மங்கள்யானுக்கு 2022 ஏப்ரலில் வந்த நீண்ட கிரகணத்தால்தான் தொடர்பு போனது என்று இஸ்ரோ அறிவித்தது.

மாணவர்களே செயற்கைக்கோளை இயக்கிப் பழகும் மேற்படிப்பு எங்காவது உண்டா? (இயற்பியல் பட்டதாரி, யாழ்ப்பாணம்)

உண்டு. உங்களுக்கு மிகப் பொருத்தமானது ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகம். அங்கே பேர்ட்ஸ் என்ற திட்டத்தில் வெவ்வேறு நாட்டு மேற்படிப்பு மாணவர்கள் சேர்ந்து சிறு செயற்கைக்கோளை வடிவமைத்து, கட்டி, இயக்கினார்கள். இலங்கையின் ராவணா-1 அப்படி வந்ததுதான். 2019 ஜூன் 17-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. டேராடூனில் ஐ.நா. இணைப்புடன் நடக்கும் ஆசிய பசிபிக் விண்வெளிக் கல்வி மையத்தையும் பாருங்கள்.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாஸ்ப் ஆய்வகம் மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, உண்மையான கட்டுப்பாட்டு மேசையில் உட்கார வைக்கிறது. கெப்ளர் தொலைநோக்கிக்கான கடைசிக் கட்டளைகள் 2018 நவம்பர் 15-இல் அங்கிருந்துதான் போயின. நம்மிடமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இல் போனது, அதன் தரைநிலையம் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்தது. அதைத் தொடர்ச்சியான படிப்பாக வளர்த்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இஸ்ரோ என்றால் ஈசிஇ, மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். கட்டுப்பாட்டு வேலையை உள்ளே போய்த்தான் கற்றுக்கொள்வீர்கள்.

ஏஐ வந்தபின் இந்த வேலை இருக்குமா? (டேட்டா சயின்ஸ் மாணவி, கோவை)

இருக்கும். நீங்கள்தான் எங்களுக்குத் தேவை. 2018-இல் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகக் குழு, மண்ணின் ஈரத்தை அளக்கும் ஸ்மாப் செயற்கைக்கோள், செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ரோவர் இரண்டின் டெலிமெட்ரியையும் பொதுவில் வெளியிட்டது. இறக்கிப் பாருங்கள். சீக்கிரமே ஒரு சிக்கல் புரியும்: உண்மைக் கோளாறுகள் மிகக் குறைவு, திட்டமிட்டுச் செய்த திருப்பமும் மாடலுக்குக் கோளாறு மாதிரியே தெரியும். அனுப்பிய கட்டளைகளின் பட்டியலைச் சேர்த்துக் கொடுக்காத மாடல் இரவெல்லாம் பொய் அலாரம் அடிக்கும், நாலாவது நாளில் யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

தமிழ் வழியில் படித்தவன். வீட்டிலிருந்தே எதை ஆரம்பிக்கலாம்? (டிப்ளமா முடித்தவர், விருதுநகர்)

சாட்நாக்ஸ் என்ற திறந்த தரைநிலைய வலையமைப்பில் யார் வேண்டுமானாலும் சிறு செயற்கைக்கோள்களின் சிக்னல்களைப் பார்க்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பேட்டரி வோல்டேஜை ஒரு மாதம் வரைபடமாகப் போடுங்கள். நாசாவின் ஓபன் எம்சிடி என்ற மென்பொருள் இலவசம். கட்டுப்பாட்டு அறைத் திரை எப்படியிருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள், பாஸின்போது பேசும் சொற்றொடர்கள் குறைவு, ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் லாக் எழுதப் பழகுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன், அப்புறம் என்ன ஆனது. உங்கள் அனுமானத்தைத் தனி வரியில் எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவர் அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்.