ஏரிக்காக ஒரு சுவர்: எதை வரைவது, எதில் வரைவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் சாலையைப் பார்த்தபடி 40 அடி நீளம், 6 அடி உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு அதில் ஏரிப் பாதுகாப்பு பற்றி வரைய விரும்புகிறோம். என்ன வரையலாம்? எந்தப் பெயிண்ட், எவ்வளவு வேண்டும்?

பதில்: புலி, பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கைகள் இவை மூன்றும் வேண்டாம். பார்த்துப் பார்த்துச் சலித்தவை. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மூச்சுத் திணறும். இதையே வரையுங்கள்: இடது கோடியில் உங்கள் தெரு, நடுவில் ராஜகாலுவே (மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் பெரிய கால்வாய்), வலது கோடியில் ஏரி, அதில் நீர்க்காகம், கூழைக்கடா, தாழைக்கோழி. வாசகம் ஒன்றே போதும்: 'இந்தக் கால்வாயில் கொட்டுவது ஏரிக்குப் போகிறது.' கன்னடம் மேலே, தமிழ் கீழே. சாலைக்கு அப்பாலிருந்தும் தெரிய எழுத்து 4 அங்குலமாவது இருக்கட்டும். சுவரருகே மழைநீர் வடிகால் வாய் இருந்தால் வாசகத்தை அதற்கு நேர் மேலே எழுதுங்கள். 2015இல் பெங்களூரு சுல்தான்பாளையாவில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி சாலைப் பள்ளத்திலேயே முதலைப் பொம்மையை வைத்ததால்தான் ஊரே திரும்பிப் பார்த்தது. பிரச்சினை இருக்கும் இடமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி சுவர். ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது; காயாமல் அடித்தால் பெயிண்ட் கொப்புளித்து உரியும். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டியே ஆக வேண்டும். புதுப்பூச்சு என்றால் 28 நாள் பொறுங்கள். தரையிலிருந்து ஓரடிக்குப் படமே வேண்டாம், அடர்நிறம் மட்டும். மண்ணின் ஈரம் ஏறுவதும் சேறு தெறிப்பதும் அங்கேதான்.

மலிவு என்று ஆயில் எனாமல் வாங்காதீர்கள். சிமெண்டின் காரம் அதன் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். 240 சதுர அடிக்கு, முதல் பூச்சாக எக்ஸ்டீரியர் பிரைமர் சுமார் 3 லிட்டர், அதன் மேல் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் பெயிண்ட்) இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர். படத்துக்கு நீலம், கறுப்பு, காவி, மஞ்சள் ஒவ்வொன்றும் 1 லிட்டர். காவியும் மஞ்சளும் ஆக்சைடு வகையாக இருந்தால் வெயிலில் வெளுக்காது. பளிச்சென்ற ரோஸும் ஆரஞ்சும் சீக்கிரம் வெளுக்கும். வெள்ளையில் நிறம் கலக்கும் ஸ்டெய்னரை அள்ளிக் கொட்டினால் கைபட்டாலே நிறம் ஒட்டும்.

தாளில் ஓரடிக்கு 2 செ.மீ. கணக்கில் கட்டம் போட்டு, சுவரில் ஓரடிக் கட்டமாக நூல் அடித்துப் பெரிதாக்கலாம். பிள்ளைக்கு இத்தனை கட்டம் என்று பிரித்துவிட்டால் சண்டையும் இராது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்; ஏப்ரலில் கோடை மழை தொடங்கிவிடும்.

பிரஷ்ஷை வடிகாலில் கழுவ விடாதீர்கள், அதுவும் ஏரிக்குத்தான் போகும். செய்தித்தாளில் துடைத்துவிட்டு வாளியில் கழுவுங்கள். ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரைக் கழிவறையில் ஊற்றி, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் தனியாகக் கொடுங்கள்.