ஏதேன் எந்தத் தோட்டம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையில் புதன்கிழமை வேதப்படிப்பை நான்தான் நடத்துகிறேன். ஆதியாகமம் தொடங்கி இரண்டாம் வாரமே சண்டை வந்துவிட்டது ஐயா. முதலாம் அதிகாரத்தில் செடி, மிருகம் எல்லாம் வந்து கடைசியில் மனிதன் வருகிறான், இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், மரமும் மிருகமும் அப்புறம், இதில் எது சரி என்று ஒரு தம்பி கேட்டார். சபை மூப்பர் ஒருவர் "இது விசுவாசமில்லாத கேள்வி" என்று வேதாகமத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். இனி என்ன செய்ய?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: முதல் வேலையாக அந்தத் தம்பிக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள். அன்றைக்கு வீட்டில் வாசித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

அவர் கண்டது சரிதான். 1:1 தொடங்கி 2:3 வரை ஒரு கதை, 2:4இல் இன்னொன்று தொடங்குகிறது. இதைப் பார்க்க எபிரேயம் தெரியவேண்டியதில்லை, நம் பழைய தமிழ் வேதாகமமே காட்டிக்கொடுக்கும். முதல் கதை முழுக்க "தேவன்" என்றே வரும், 2:4இலிருந்து "தேவனாகிய கர்த்தர்" என்று மாறும். கத்தோலிக்க நண்பர்கள் வந்தால் அவர்களுடைய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் "கடவுள்", "ஆண்டவராகிய கடவுள்" என்று அதே மாற்றம் இருக்கும். இரண்டும் வெவ்வேறு காலத்தில் எழுந்து பின்னால் ஒன்றாகத் தொகுக்கப்பட்டவை என்பது வேத அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. ஆறாம் நாளில் நடந்ததைத்தான் இரண்டாம் அதிகாரம் விரித்துச் சொல்கிறது என்பவர்களும் உண்டு, உங்கள் மூப்பர் அந்தப் பக்கமாக இருக்கலாம். இருக்கட்டும், இரண்டு பேரும் ஒரே பாயில் உட்காரலாம்.

ஆனால் அந்த வழக்குக்குப் போகுமுன் ஒரு வாரம் விளக்கமே சொல்லாமல் முதல் கதையை மட்டும் சத்தமாக வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று வரும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். அது பல்லவி உள்ள எழுத்து என்பது காதுக்குத் தானாகத் தெரியும். நல்லது என்று தேவன் எத்தனை முறை கண்டார் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கடைசியில் வரும் "மிகவும் நன்றாயிருந்தது" என்பதையும் சேர்த்தால் ஏழு. இரண்டாம் நாளில் மட்டும் அந்தச் சொல் கிடையாது, மூன்றாம் நாளில் இரண்டு முறை வரும். ஏன் என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள், அதுதான் நடத்துகிறவருக்குக் கஷ்டமான வேலை.

அடுத்த வாரம் இரண்டாம் கதை. தேவனாகிய கர்த்தர் பூமியின்மேல் இன்னும் மழை பெய்யச் செய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த ஆளும் இல்லை, அப்போது மூடுபனி எழும்பி பூமியை நனைத்தது என்று வரும். நம் மலையகப் பக்கத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை, கதவைத் திறந்தால் போதும். எபிரேயத்தில் மனிதன் ஆதாம், மண் அதாமா, மண்ணிலிருந்து மனிதன் என்பது அந்த மொழியில் சொல்லிலேயே இருக்கிறது.

பல வருடத்துக்கு முன் நான் நடத்திய குழுவில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே வயதான ஒரு அம்மா, "ஏதேன் எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "வேலையும் குடுத்து, இருக்க எடமும் குடுத்து, பழத்தையும் நீயே பறிச்சுத் தின்னுன்னு சொன்ன தொரைய நான் பார்த்ததே இல்ல, அதான் கேட்டேன்" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த மூன்று வாரமும் அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியது.

அவர் கேள்வி நினைத்ததைவிடப் பழையது. பாபிலோனியர் சொன்ன படைப்புக் கதையில், கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதனை உண்டாக்குகிறார்கள், தெய்வங்களின் வேலையை அவன் தலையில் கட்டி அவர்கள் ஓய்வெடுப்பதற்காக. ஆதியாகமத்தில் வேலை செய்தவரே ஏழாம் நாள் ஓய்கிறார். யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணமாக இந்தப் படைப்பையே காட்டி, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாடுகளுக்கும்கூட அந்த நாள் உண்டு என்கிறது. வேலைக்கு வந்ததாக ஒரு நாள் பேர் விழாவிட்டால் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று தெரிந்தவர்களோடு இதை வாசித்துப் பாருங்கள்.

மூப்பரை மறக்கவேண்டாம். வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், முதல் கதையை வாசிக்கும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். குரல் நல்ல குரலாக இருந்தால் இன்னும் வசதி.

கேள்வி: ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) உயிரியல் படிக்கிறேன். டியூஷனில் பரிணாமம், சபையில் ஆறு நாள். பரீட்சையில் ஒன்றை எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றைச் சொல்வது பொய் மாதிரி இருக்கிறது.
– மாணவி, அட்டன்

பதில்: தங்கச்சி, சூரியனே நாலாம் நாள்தான் வருகிறது, அதற்கு முந்திய மூன்று நாளும் எப்படிப்பட்ட நாள் என்று சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீன் யோசித்தார். அவை நம் சாதாரண நாட்கள் இல்லை என்றுதான் எழுதினார். டார்வினுக்குப் பயந்து சொன்னதாகச் சொல்ல முடியாது, டார்வின் பிறந்ததே 1809இல். முதல் மூன்று நாளில் இடங்கள் உண்டாகின்றன, அடுத்த மூன்று நாளில் அந்த இடங்களுக்கு உரியவை வருகின்றன: வெளிச்சத்துக்குச் சுடர்கள், வானத்துக்கும் நீருக்கும் பறவையும் மீனும், தரைக்கு மிருகமும் மனிதரும். ஒழுங்கைச் சொல்லும் எழுத்தில் கடிகாரத்தைத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. அண்டம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டு எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்து அவருடையது. 1951இல் போப்பாண்டவரே அதை வேதத்தின் படைப்போடு சேர்த்துப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை, இரண்டையும் குழப்பவேண்டாம் என்பதே அவர் நிலை. பரீட்சையில் கேட்டதற்குப் படித்ததை எழுதுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏவாள் தின்றது ஆப்பிள்தானே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: "கனி" என்றுதான் இருக்கிறது. பிற்காலத்து ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கும் ஆப்பிள் ஒட்டிக்கொண்டது. பேரிக்காய் என்று வைத்துக்கொண்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: "ஏற்ற துணை" என்று வேதமே சொல்கிறது, அதனால் நீ எனக்கு உதவிக்கு வந்தவள் என்று வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் இந்த வசனத்தையே இழுக்கிறார். காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போவதும் நான், தண்ணீர் பிடிப்பதும் நான், சமைப்பதும் நான்.
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: அந்த இடத்தில் உள்ள எபிரேயச் சொல் "ஏசெர்". பழைய ஏற்பாட்டில் அது வரும் இடங்களில் பெரும்பாலானவற்றில் தேவனைத்தான் குறிக்கிறது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று 121ஆம் சங்கீதம் பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் இதே சொல்தான். தேவன் நமக்குக் கூலியாள் இல்லை என்பது உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். "ஏற்ற" என்று தமிழில் வருவதற்கு எபிரேயத்தில் எதிரே நேருக்கு நேர் நிற்கிற என்ற பொருள் உண்டு. இந்தச் சங்கீதத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்து முடித்ததும் தண்ணீர்க் குடத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.