குறைந்தபட்சத் தொகையும் ஒரு விளையாட்டுக் கருவியும்

கேள்வி: வீடியோ கேம் என்றாலே வீண் செலவு என்று சொல்லிவந்தவன் நான். சென்ற மாதம் தம்பி வீட்டில், கையசைவை உணர்ந்து இயங்கும் கன்சோலில் என் தாயார் எழுந்து நின்று பந்து உருட்டி விளையாடியதைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. புதிய மாடலையே வாங்கும்படி தம்பி வற்புறுத்துகிறார். கிரெடிட் கார்டில் பழைய நிலுவை உண்டு. ஆனால் குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவருகிறேன். அதே கார்டில் வாங்கலாமா?

பதில்: உங்கள் மனமாற்றத்தில் எனக்குக் குறையில்லை. 2006ஆம் ஆண்டு நின்டெண்டோ ‘வீ’ கன்சோலை வெளியிட்டபோது, ரிமோட்டை வீசி டென்னிஸ் ஆடுவது சில வாரங்களில் சலித்துவிடும் என்றே நானும் எண்ணினேன். பொத்தான்களைப் பழகாதவர்களும் முதல் நாளே ஆட முடிந்ததால் அது 10 கோடிக்கும் மேல் விற்றது. மூத்தவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் ஒரு பொருளை வீண் என்று இன்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குக் கவலை தருவது, ‘ஒரு மாதமும் தவறாமல்’ என்று நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கும் வரிதான். நிலுவை 100 என்றும், மாத வட்டி 3 சதவீதம் என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாதம் நீங்கள் கட்டும் 5இல் 3 வட்டிக்கே போய்விடுவதால், அசலில் 2 மட்டுமே கழிகிறது. இப்படியே ஓராண்டு கட்டினால் ஏறக்குறைய 54 கைவிட்டுப் போயிருக்கும். கடனோ இன்னும் 78 அளவில் நிற்கும். தவறாமல் கட்டுவதால் அபராதம் வராதே தவிர, கடன் தீராது. அதைவிட முக்கியமானது, பழைய நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. கன்சோலுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆகவே கார்டை முதலில் எடுத்து வையுங்கள். அதே 100க்கு மாதம் 5 என்பதற்குப் பதிலாக 10 என்று நிலையாகக் கட்டினால், பில்லில் கேட்கும் தொகை குறைந்தாலும் நீங்கள் குறைக்காமல் இருந்தால், ஏறக்குறைய ஓராண்டில் கடன் முடிந்துவிடும்.

தம்பியின் வற்புறுத்தலுக்கு இதில் இடம் தராதீர்கள். புதிய மாடல் என்பதற்காக அதிக விலை கொடுப்பது, இந்த வகைப் பொருளில் எனக்கு ஒப்புதல் இல்லாத செலவு. 2010இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காகப் பெரும் விளம்பரத்துடன் வந்த, உடலசைவை உணரும் கினெக்ட் கேமராவின் உற்பத்தியே 2017இல் நின்றுபோனது. வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னாலும், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேட்ட பிறகே நம்புங்கள்.

தாயார் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. யாரோ பயன்படுத்திய பழைய ‘வீ’ ஒன்றை, கையில் உள்ள ரொக்கத்துக்குள் கிடைத்தால் மட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். அதன் இணையக் கடை 2019இல் மூடப்பட்டுவிட்டதால் விளையாட்டுகள் வட்டாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; ரிமோட்டை அசைத்துச் சோதியுங்கள். தொலைக்காட்சிக்கு மேல் வைக்கும் பட்டை அகச்சிவப்பு ஒளியை வீசுவதோடு சரி, அசைவை உணர்பவை ரிமோட்டில்தான் உள்ளன. எனவே பட்டை பழுதாக இருந்தால் அதற்காகப் பேரத்தைக் கைவிட வேண்டாம். ரொக்கம் போதவில்லையென்றால், கடன் தீரும்வரை விடுமுறை நாட்களில் தாயாரைத் தம்பி வீட்டுக்கே அழைத்துச் செல்லுங்கள்.