1987-ல் கொரிய மக்கள் ஏமாந்தார்களா?

கேள்வி: தென் கொரியாவில் 1987-ல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் முன்னாள் ராணுவத் தளபதி ஒருவர்தானே ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்? இதை வெற்றி என்று ஏன் கொண்டாட வேண்டும்?

பதில்: போராடியவர்கள் கேட்டது ஜனாதிபதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை. 1971-க்குப் பிறகு அது அவர்களிடம் இல்லை. 16 ஆண்டுகள் கழித்து அதை வாங்கினார்கள். 89 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த அந்த முன்னாள் தளபதி ரோ டே-வூ பெற்றது 36.6 சதவீதம்தான். எதிரணியில் கிம் யங்-சாமுக்கு 28, கிம் டே-ஜுங்குக்கு 27. விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை. அந்தப் பழியை அவர்கள் மேல் போடுங்கள், தெருவில் நின்றவர்கள் மேல் போடாதீர்கள்.

அந்த ஆண்டை டிசம்பரிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதே தப்பு. ஜனவரி 14 அன்று பார்க் ஜோங்-சோல் என்ற கல்லூரி மாணவர் போலீஸ் விசாரணையில் இறந்தார். மேஜையைத் தட்டியதும் விழுந்து செத்துவிட்டார் என்றது போலீஸ். உண்மையில் தண்ணீர்த் தொட்டியில் தலையை அமுக்கிக் கொன்றிருந்தார்கள். உடலை அவசரமாக எரித்துவிடப் பார்த்தார்கள். ஓர் அரசு வழக்கறிஞர் சம்மதிக்காமல் பிரேதப் பரிசோதனை கேட்டார். அப்புறம் இரண்டு போலீஸ்காரர்களை மட்டும் கைது செய்து கணக்கை முடிக்கப் பார்த்தார்கள். அவர்கள் அடைக்கப்பட்ட அதே சிறையில் லீ பூ-யோங் என்ற பத்திரிகையாளரும் கைதியாக இருந்தார். இன்னும் மூன்று பேருக்குப் பங்குண்டு என்பது அவருக்குத் தெரியவந்தது. எழுதினார். சிறைக் காவலர்களே அந்தக் காகிதத்தை ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். மே 18 அன்று தலைநகர் சோலின் மியோங்டோங் தேவாலயத்தில் பாதிரியார்கள் அதை உலகறியச் சொன்னார்கள். மாட்டியிருந்தால் அந்தக் காவலர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த ஆண்டின் நாயகர்கள் அவர்கள்தான்.

ஜூன் 9 அன்று லீ ஹான்-யோல் என்ற இன்னொரு மாணவரின் தலையில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்தது. அடுத்த நாளே நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. ஜூன் 29 அன்று ஆளுங்கட்சி நேரடித் தேர்தலுக்குச் சம்மதித்தது. அதைச் சொன்னவரே ரோ டே-வூதான், மனம் மாறியல்ல, வேறு வழியில்லாமல். லீ ஜூலை 5 அன்று இறந்துபோனார்.

அக்டோபரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற புதிய அரசியல் சாசனம் ஜனாதிபதிக்கு ஒரே ஒரு ஐந்தாண்டுப் பதவிக்காலம்தான் தந்தது. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தையும் பறித்தது. அரசியல் சாசன நீதிமன்றமும் அதிலிருந்து வந்ததுதான். 2024 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோது சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் எதிர்த்து வாக்களித்தது. 2025 ஏப்ரல் 4 அன்று அவரைப் பதவியிலிருந்து இறக்கியது அந்த நீதிமன்றமே.