சாரை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மா, சென்னையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முதலாமாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அங்கே எனக்குப் பிடித்த பாடமே பொருளியல்தான். இங்கே மைக்ரோ எகனாமிக்ஸ் எடுக்கும் சாரைப் பற்றி வகுப்பு இரண்டாகக் கிடக்கிறது. "அவர் மாதிரி நடத்த ஆளே கிடையாது" என்று முன்வரிசையில் ஒரு பத்துப் பேர். "நோட்ஸ் தருவதில்லை, எல்லாம் இங்கிலீஷ், எக்ஸ்பிரஸ் வேகம், சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார்" என்று மற்றவர்கள். முதல் இன்டர்னலில் பாதிப் பேர் பார்டர், நானும்தான். அவரை மாற்றச் சொல்லி ஹெச்.ஓ.டி.க்கு (துறைத்தலைவருக்கு) மனு தயார். 38 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் கிளாஸ் ரெப் என்பதால் மேலே எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் ஃபீட்பேக் ஃபாரமும் வருகிறது. எனக்கும் பெரும்பாலும் புரிவதில்லை. ஆனால் ஒரு நாள், தக்காளி விலை ஏறியபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "ரசத்துக்குப் புளியைக் கூட்டினோம்" என்றேன். அதை அப்படியே போர்டில் எழுதினார். அன்றைக்கு எல்லாமே புரிந்தது. அதனால் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ராயபுரம்.

பதில்: போடாதே. இப்போதைக்கு.

குருவை எதிர்க்கலாமா என்ற வசனமெல்லாம் பேச மாட்டேன். முப்பத்தோரு வருஷம் இதே பாடத்தை இதே முதலாமாண்டுக்கு நடத்தியவள் நான். எங்களில் எத்தனை பேர் மேல் மனு போட்டிருக்கலாம் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். (என் மாணவிகளிடம் பேசுகிற பழக்கத்தில் உன்னையும் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.)

அந்த மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. அநேகமாக, "சார் நடத்துவது புரியவில்லை, வேறு ஆசிரியரை நியமிக்க வேண்டுகிறோம்" என்று இரண்டு வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஹெச்.ஓ.டி. என்ன செய்வார்? சாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். சாருக்குக் கோபம் வரும். எது புரியவில்லை என்பது மட்டும் அவருக்கும் தெரியாது, ஹெச்.ஓ.டி.க்கும் தெரியாது. 38 கையெழுத்து இருந்தும் ஒரு தகவல்கூட அதில் இல்லை.

ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நினைப்பவள் இல்லை நான். ஆனால் ஆளுக்கொரு தராசு வைத்திருப்பார்கள். முன்வரிசைப் பத்துப் பேரில் எத்தனை பேர் இங்கிலீஷ் மீடியம் என்று எண்ணிப் பார். மற்றவர்களில் எத்தனை பேருக்கு நோட்ஸ் மட்டும்தான் குறை என்றும் பார்.

நோட்ஸ் கதை என்னிடமும் உண்டு. முதல் பத்து வருஷம் நான் டிக்டேட் பண்ணித்தான் நடத்தினேன். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் வாயால் சொல்லுவேன். பிள்ளைகளுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். பரீட்சையில் என் வாக்கியங்கள் என்னிடமே திரும்பி வரும், என் எழுத்துப் பிழைகளோடு. ஒரு வருஷம் அலுத்துப்போய் டிக்டேஷனை நிறுத்தினேன். "மேடம் இப்பல்லாம் சரியா நடத்துறதில்ல" என்று காரிடாரில் பேச்சு கிளம்பியது. உண்மையில் நடத்த ஆரம்பித்ததே அந்த வருஷம்தான்.

அதே வருஷம் ஒரு பெண் ஃபீட்பேக் தாளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "மேடம் படம் போடும்போது போர்டை மறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க." முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் காலி வகுப்பில் ஒரு தோழியை போர்டில் வரையச் சொல்லிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக்கோடு, எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் அளிப்புக்கோடு, அப்புறம் நகர்ந்த புதுக் கோடு எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து முடிந்தது. அவள் விலகியதும் என் கண்ணில் பட்டது ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் இன்னொரு கோடு. எது முதலில் வந்தது, எது வலப்பக்கம் போனது, புது விலை எங்கிருந்து முளைத்தது, ஒன்றும் தெரியவில்லை. பொருளாதாரப் படத்தில் விஷயமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து பக்கவாட்டில் நின்று கையை நீட்டி வரையப் பழகினேன். தோள்வலி வந்தது. கூடவே கேள்விகளும் வந்தன. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வந்த ஃபீட்பேக்கில் அதைவிட உருப்படியானது எதுவும் இல்லை. அந்தப் பெண் எனக்கு ஐந்துக்கு எத்தனை போட்டாள் என்பது ஞாபகம்கூட இல்லை.

ஐந்துக்கு எத்தனை என்கிற சமாச்சாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு மட்டும் சொல்கிறேன். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரைப் பெரிய நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் நிறைந்த அவையில் பேச வைத்தார்கள். முன்னுக்குப் பின் முரணான, சாரமே இல்லாத பேச்சு. ஆனால் சிரிப்பும் சுறுசுறுப்புமாகப் பேசினார். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போனார்கள். இது 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. படித்தவர்கள் கதியே அது.

இன்னொன்று 2010இல் வெளியானது. அமெரிக்க விமானப்படை அகாதமியில் எந்த மாணவருக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்கிறார்கள். மாணவர்கள் மெச்சிய ஆசிரியர்களிடம் அடிப்படைக் கணிதம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையை நன்றாக எழுதினார்கள். ஆனால் அதன் தொடர்ச்சியாக வந்த மேல்பாடத்தில் சறுக்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் முதல் பரீட்சையில் பின்தங்கினார்கள், ஆனால் பின்னால் நன்றாகச் செய்தது அவர்கள்தான். உங்களுக்கும் அடுத்தடுத்த செமஸ்டர்களில் இந்த மைக்ரோவின் மேல்தான் எல்லாவற்றையும் கட்டப்போகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, கஷ்டப்படுத்துகிறவர்தான் நல்ல வாத்தியார் என்று முடிவுகட்டிவிடாதே. கஷ்டப்படுத்துகிறவர்களில் சும்மா கஷ்டப்படுத்துகிறவர்களே ஜாஸ்தி.

உங்கள் சார் எந்த ரகம்? உன் கடிதத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் புளி. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது, உனக்கும் நினைவிருக்கும். நீ "புளியைக் கூட்டினோம்" என்றதும் அவர் போர்டில் எழுதினாரே, அது பதிலீட்டுப் பண்டம், ஒன்றுக்குப் பதிலாக வாங்குகிற பொருள். தக்காளி விலை ஏறியதால் தக்காளி வாங்குவதைக் குறைப்பது தேவைக்கோட்டின் மேலேயே நகர்வது. அதனால் புளி அதிகம் வாங்குவது, புளியின் தேவைக்கோடே வலப்பக்கம் நகர்வது. முதலாமாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். நீ உன் அம்மாவின் ரசத்திலிருந்தே அதைத் தாண்டிவிட்டாய். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் மிச்ச விலையை நேரமாகக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வாய்ப்புச் செலவும் (ஒன்றைப் பெற நாம் விட்டுக்கொடுக்கும் இன்னொன்றின் மதிப்பு) அங்கேயே முடிந்துவிடும்.

ஆக அந்த மனிதருக்கு நடத்தத் தெரிகிறது. தினமும் அப்படி நடத்துவதில்லை, அவ்வளவுதான். ஏன் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கு அவர் முதலில் உங்களிடம் கேட்டார், பிறகுதான் போர்டுக்குப் போனார். பதில்களும் தமிழில்தான் வந்திருக்கும்.

இப்படி நடத்துவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம், உங்கள் கிராமத்தில் நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார். தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் என்று அவர்கள் கொண்டுவந்த கணக்குகள் 1918இல் அச்சேறின. பின்னால் வந்த பொருளாதார அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக அதே ஊர்களுக்குப் போய் மறுபடி கணக்கெடுத்திருக்கிறார்கள். ராயபுரத்துப் பெண்ணுக்குக் கிராமம் எதற்கு? காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வஞ்சிரம் என்ன விலை, திங்கட்கிழமை என்ன விலை என்று எழுதிப்போய் அவர் மேஜையில் வை. என்ன செய்கிறார் பார்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் பாதித் தப்பு அவருடையது, பாதி வேலை உன்னுடையது. அவர் 'இன்டிஃபரன்ஸ் கர்வ்' என்கிறபோது நீ புதிதாக ஏதோ வருகிறது என்று பயப்படுகிறாய். அது நீ பிளஸ் ஒன்னில் வரைந்த சமநோக்கு வளைகோடு. 'மார்ஜினல் யுடிலிட்டி' இறுதிநிலைப் பயன்பாடு. 'எலாஸ்டிசிட்டி' நெகிழ்ச்சி. எல்லாம் உனக்குப் பழகிய ஆட்கள்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 'சீட்டரிஸ் பாரிபஸ்' என்று அடிக்கடி சொல்வாரே, அது இங்கிலீஷே இல்லை, லத்தீன். மற்றவை மாறாதிருந்தால், அவ்வளவுதான். முன்வரிசைக்கும் அது முதல் நாள் புரிந்திருக்காது, முகத்தில் காட்டியிருக்க மாட்டார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பிளஸ் ஒன் புத்தகச் சொல், அந்தப் பக்கம் சார் சொல்லும் சொல் என்று எழுதிக்கொண்டே வா. ஐம்பது சொல் தேறினால் செமஸ்டரே உன் கையில்.

ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு தடவை தமிழிலும் சொல்ல அவருக்கு ஐந்து வினாடி ஆகும். அதைச் செய்யாதது குறைதான். எரிந்து விழுவது அதைவிடப் பெரிய குறை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சந்தேகம் கேட்டவரை அவமானப்படுத்தியிருந்தால் எந்த நாள், எந்தப் பாடம், என்ன வார்த்தை என்று தேதியோடு குறித்து வை.

இப்போது வேலை. மனுவை இரண்டு வாரம் உன் பையிலேயே வைத்திரு. கிளாஸ் ரெப்புக்கு அந்த அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி? உன்னோடு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள், அதில் ஒருத்தர் முன்வரிசையாக இருக்கட்டும். வகுப்பு முடிந்த கையோடு போகாதே, அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார். டிபார்ட்மென்டில் டீ நேரத்தில் போ. "சார், தக்காளி கிளாஸ் ரொம்ப நல்லா புரிஞ்சது. அதே மாதிரி முதல்ல எங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் படம் போட்டா எல்லாருக்கும் புரியும் சார். அந்தச் சொல்லையும் ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க சார்." இவ்வளவு போதும். மனுவைப் பற்றி மூச்சு விடாதே, மிரட்டல் மாதிரி ஆகிவிடும். நோட்ஸைப் பற்றியும் இப்போது வேண்டாம்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை, அல்லது அதற்கும் எரிந்து விழுந்தார் என்றால், அப்போது ஹெச்.ஓ.டி.யிடம் போ. இந்த இரண்டு வரி மனுவோடு இல்லை, தேதி போட்டு வைத்தாயே, அந்தக் குறிப்போடு. அதன் கீழே முதல் கையெழுத்து உன்னுடையதாகவே இருக்கட்டும்.

ஃபீட்பேக் ஃபாரம் பல கல்லூரிகளில், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்குக் காட்ட வாங்கி வைக்கும் காகிதமாகத்தான் இருக்கிறது. அது செமஸ்டர் முடிகிற நேரத்தில் வருவதால் பலன் உன் ஜூனியருக்குத்தான். இருந்தாலும் ஒழுங்காக எழுது. "வெரி குட்", "வேஸ்ட்" இரண்டும் வேண்டாம். "நெகிழ்ச்சி சூத்திரத்துக்கு ஒரு கணக்குதான் போட்டார், இன்னும் மூன்று போட்டிருந்தால் புரிந்திருக்கும்" என்கிற மாதிரி எழுது. பேர் தெரியாது என்று சொல்வார்கள். ரோல் நம்பர் போட்டு லாகின் பண்ணிவிட்டு, பேர் தெரியாது என்று நம்ப நீ என்ன குழந்தையா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் எழுது. இன்டர்னல் மார்க் பயமும் இருக்காது.

பார்டர் என்று எழுதினாயே தவிர எத்தனை என்று சொல்லவில்லை. விடைத்தாளை வாங்கி, மார்க் போன கேள்விகளில் எத்தனை படம் போட வேண்டிய கேள்வி, எத்தனை எழுத வேண்டிய கேள்வி என்று எண்ணி அனுப்பு. படத்தில் போயிருந்தால், அவர் போர்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்றும் ஒரு நாள் கவனி.