கேப்பர்நாமும் நான்காம் இடமும்

அன்புள்ள ஐயா,

2019 ஆஸ்கரின் இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்து வெளிநாட்டு மொழிப் படங்களை நீங்கள் வரிசைப்படுத்தி எழுதியதைப் படித்துவிட்டு ஐந்தையும் தேடிப் பார்த்தேன். ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ முதலிடம், ‘ரோமா’ இரண்டாவது, ‘கோல்ட் வார்’ மூன்றாவது, ‘கேப்பர்நாம்’ நான்காவது, ‘நெவர் லுக் அவே’ கடைசி என்று போட்டிருந்தீர்கள். ‘கேப்பர்நாம்’ பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ முடிந்தபோது ஒரு நல்ல படம் பார்த்தோம் என்று தோன்றியது, அவ்வளவுதான். இப்படி உலுக்கிய படத்தை நான்காவதாக வைப்பது நியாயமா? எந்த அளவுகோலில்? கடைசியில் விருதும் ‘ரோமா’வுக்குத்தானே போனது?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

ஐந்தையும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு பட்டியலுக்கு இதைவிட என்ன வேண்டும்!

‘கேப்பர்நாம்’ படத்தின் நடுப்பகுதி எனக்கும் மிகவும் பிடித்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்து, உரிய காகிதங்கள் இல்லாமல் பெய்ரூட்டில் வேலை செய்யும் ரஹீலைப் போலீஸ் பிடித்துப் போய்விடுகிறது. அவளுடைய கைக்குழந்தை யோனாஸ், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவன் ஜெயினின் பொறுப்பில் வந்து விழுகிறது. பசிக்கு ஐஸ்கட்டியில் சர்க்கரையைத் தூவிக் கொடுக்கிறான். ஸ்கேட்போர்டின் மேல் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, அதற்குள் குழந்தையை உட்காரவைத்துத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போகிறான். நடித்த ஜெயின் அல் ரஃபீயா சிரியாவிலிருந்து அகதியாக வந்த சிறுவன். அதற்குமுன் நடித்ததே இல்லை. இயக்குநர் நதீன் லபாகி ஐந்நூறு மணி நேரத்துக்கும் மேல் படம்பிடித்து, அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பொறுமையின் பலன் இந்தக் காட்சிகளில் இருக்கிறது.

ஆனால் இதைச் சுற்றி ஒரு வழக்கைக் கட்டிவிட்டார். என்னை ஏன் பெற்றீர்கள் என்று பையன் பெற்றோர்மேல் வழக்குப் போடுகிறான். தெருவில் பார்த்தே நாம் புரிந்துகொண்டதை நீதிமன்றத்தில் அவன் வாயால் மறுபடி சொல்லவைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவன் அம்மா வெடித்து, நீ என் வாழ்க்கையை வாழ்ந்து பார்த்திருக்கிறாயா என்கிற மாதிரி வக்கீலைக் கேட்கிறாள். வக்கீலாக நடிப்பது லபாகியேதான்! இயக்குநரைப் பார்த்தே கேட்ட கேள்வி அது. படம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடுகிறது. கடைசியில் இவர்கள் இனிமேல் பிள்ளை பெறக்கூடாது என்ற கோரிக்கைதான் மிஞ்சுகிறது. வெளிநாட்டிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் பெண்களை முதலாளியின் தயவில் கட்டிப்போடும் கஃபாலா முறை லெபனானில் இருக்கிறது. ரஹீலின் கதைக்குப் பின்னால் நிற்பது அதுதான். அதைக் கூண்டில் ஏற்றாமல் ஓர் ஏழைத் தாயை ஏற்றிவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

என் அளவுகோலைக் கேட்டீர்கள். ஒருவருடைய துயரத்தை எதுவரை பார்க்கலாம், கேமரா எங்கே நின்றுவிட வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறதா? அதைத்தான் பார்த்தேன்.

ஹிரோகாசு கொரீடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்திலும் பெற்றோரிடம் அடிபட்ட குழந்தைதான் இருக்கிறது. கடைகளில் திருடி வாழும் ஒரு குடும்பம் அவளை எடுத்து வளர்க்கிறது. குளிக்கும் தொட்டியில் அந்த வீட்டுப் பெண் நொபுயோவும் சிறுமி யூரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரி சூட்டுத் தழும்பு, அயர்ன் பாக்ஸ் பட்டது. யூரி தன் விரலால் நொபுயோவின் தழும்பை மெல்லத் தடவிக்கொடுக்கிறாள். யாரும் அழுவதில்லை, யாரும் விளக்குவதும் இல்லை. அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது, இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்பது இரண்டும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு அந்த விசாரணைக் காட்சி. பிள்ளைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று அதிகாரி கேட்கிறாள். நொபுயோவாக நடித்த சகுரா ஆண்டோ பதில் சொல்லாமல் கையால் முகத்தைத் துடைக்கிறார். மறுபடி துடைக்கிறார், தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு முறை. கேமரா நேருக்கு நேர் நிற்கிறது, ஒரு அடிகூட நெருங்கவில்லை. தயவுசெய்து அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள்.

இத்தனைக்கும் இவர்களைக் கொரீடா புனிதர்களாக்கவில்லை. செத்துப்போன பாட்டியை வீட்டுக்கு அடியில் புதைத்துவிட்டு அவள் பென்ஷனை எடுத்துத் தின்கிறார்கள். திருட்டில் மாட்டிக்கொண்ட அந்த வீட்டுப் பையன் ஷோத்தாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பப் பார்க்கிறார்கள். பாசமும் உண்மை, சுயநலமும் உண்மை. இரண்டையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் உங்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன். இந்தப் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

சரி, ‘ரோமா’. அல்ஃபோன்சோ குவாரோன் தன்னை வளர்த்த பணிப்பெண் லிபோவுக்குச் சமர்ப்பித்த படம், ஒளிப்பதிவும் அவரே. குழந்தை இறந்து பிறக்கும் காட்சியில் கேமரா நாயகியான பணிப்பெண் கிளியோவின் பக்கத்திலேயே நிற்கிறது. மருத்துவர்கள் குழந்தையோடு போராடுவது பின்னால் மங்கலாகத் தெரிகிறது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் எடுத்த காட்சி. ஆனால் 1971 ஜூன் 10 அன்று மெக்சிகோ நகரில் மாணவர்களைக் கொன்ற சம்பவத்தின்போது, தொட்டில் வாங்கப் போன கடைக்குள்ளேயே அவளை ஏமாற்றியவன் துப்பாக்கியோடு வந்து நிற்பதும், அதே நொடியில் பனிக்குடம் உடைவதும் ரொம்பவே கச்சிதமாகப் பொருந்திவிடுகின்றன. கிளியோ தனியாக இருக்கும்போது என்ன நினைப்பாள் என்பதும் கடைசிவரை நமக்குத் தெரியாது. முதலிடம் கைநழுவியது அங்கேதான்.

பாவ்லிகோவ்ஸ்கியின் ‘கோல்ட் வார்’ 88 நிமிடத்தில் பதினைந்து வருடக் காதலைச் சொல்கிறது. ஒரே பாட்டு கிராமத்துக் குரலில் தொடங்கி, மேடைக் குழுவின் பாட்டாகி, பாரிஸில் ஜாஸாக மாறும் அழகுக்கே பார்க்கலாம். பிரிவுக்கான காரணங்கள்தான் எனக்குப் போதவில்லை.

‘நெவர் லுக் அவே’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் வாழ்க்கையைத் தழுவிய கதை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்து, பிறகு அதை மங்கலாக்கும் இடத்தில்தான் அந்த ஓவியன் தன் வழியைக் கண்டுபிடிக்கிறான். அவன் சித்தியை நாஜிகள் விஷவாயு அறைக்கு அனுப்பும்போது இயக்குநர் டொனர்ஸ்மார்க் கேமராவையும் உள்ளே அனுப்புகிறார். அவன் கற்றுக்கொண்டது அவனைப் பற்றிப் படமெடுத்தவருக்குத் தெரியவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அந்த ஒரு காட்சி போதும் எனக்கு.

விருதைப் பொறுத்தவரை, ஒரு நாட்டுக்கு ஒரு படம் என்பது அப்போதைய விதி. அதையும் தாண்டி அந்த வருடம் ஒன்பது படங்களின் பட்டியலுக்கு வந்த தென்கொரிய இயக்குநர் லீ சாங்-டாங்கின் ‘பர்னிங்’ ஐந்துக்குள் வரவில்லை. தென்கொரியா அதுவரை இந்தப் பிரிவின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்ததே இல்லை. அடுத்த வருடமே அந்நாட்டின் ‘பாரசைட்’ சிறந்த படத்துக்கான விருதையே வாங்கியது! அதனால் விருதை வைத்து என் வரிசையை மாற்ற மாட்டேன்.

அப்புறம், அந்த வருடம் இந்தியா அனுப்பிய படம் ரீமா தாஸின் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’. அசாமில் தன் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகளை வைத்து அவரே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தது. கிட்டாருக்கு ஆசைப்படும் ஏழைச் சிறுமியின் கதை. நம் இரக்கத்தை அது ஓர் இடத்திலும் கேட்பதில்லை. ‘கேப்பர்நாம்’ பார்த்த அதே மனநிலையில் அதையும் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.