அலாஸ்காவில் சால்மன் மீனை எண்ணுவதற்கே ஆள் வைக்கிறார்களாமே, எதற்கு?

உண்மைதான். இதைச் செய்பவர் மீன்வளக் களப்பணியாளர். வேலை கோடையில் மட்டும். வலைக்குத் தப்பி, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்கள் எத்தனை என்று கணக்கெடுப்பார்.

ஏன் இந்தக் கணக்கு? விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கித் தின்றுவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன விதைப்பது? ஆறேறும் சால்மன்தான் அந்த விதைநெல். போதுமான அளவு ஏறியதா என்று தெரிந்தால்தான் கடலோரத்தில் வலை போட விடலாமா என்று முடிவெடுக்க முடியும்.

பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் க்விசாக் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏறும் சாக்கை என்னும் சால்மன் வகை கரையை ஒட்டியே நீந்தும். அதனால் இரு கரையிலும் கோபுரம். மேலே நிற்பவர் நீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும், கையில் அமுக்கி எண்ணும் கருவியுமாக, மணிக்கு 10 நிமிடம் எண்ணுவார். அதை 6 ஆல் பெருக்கினால் அந்த ஒரு மணிக்கான கணக்கு. இரவிலும் முறை வைத்து நடக்கும். கொசுக்கடியைப் பற்றித் தனியாகவே எழுதலாம்! அப்புறம், சில மீன்களின் செதிலை எடுத்து வைப்பார்கள். அதிலுள்ள வளையங்கள் வயதைச் சொல்லும்.

இவர்களை மீனவர்களைத் தடுக்கும் காவலர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கு நன்றாக வந்தால் வலை போட அனுமதி கிடைப்பதும் இவர்களால்தான்.